விடுதியில் பிள்ளை, சரிவில் வீடு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் ஏ-1 வீதி, மாவனல்லையைத் தாண்டி கணேதென்னவில் வளையத் தொடங்கி, பஹல கடுகண்ணாவையில் மலையைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. 2025 நவம்பர் 22ஆம் திகதி காலை அந்த இடத்தில் வீதியோரக் கடையொன்றின் மேல் பாறையும் மண்ணும் சரிந்தன. ஆறு பேர் இறந்தார்கள். வீதி மூடப்பட்டது. தித்வா என்ற பெயரை அன்று யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. அந்தப் புயல் கிழக்குக் கரையைத் தொட இன்னும் ஆறு நாள் இருந்தது.

அந்த ஆறு நாளும் மழை விடவில்லை. 27ஆம் 28ஆம் திகதிகளில் மத்திய மலைநாட்டின் சில இடங்களில் 24 மணிநேரத்துக்குள் 300 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. மகாவலி கரையை மீறிக் கம்பளையையும் பேராதனையையும் நனைத்தது. சரிவுகள் நூற்றுக்கணக்கில் இறங்கின. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; மாவட்டவாரியாகப் பார்த்தால் அதிக உயிர்களை இழந்தது கண்டி. ரம்புக்கனைக்கு அப்பால் ரயில் ஏறவில்லை. 1820களில் பிரித்தானியப் பொறியாளர் டோசனின் மேற்பார்வையில் பாறையைக் குடைந்து வெட்டப்பட்ட பாதையும், 1867இல் கண்டியை எட்டிய ரயில் பாதையும் ஒரே வாரத்தில் செயலிழந்தன. மலைநாட்டின் மேற்கு வாசல் அடைபட்டது.

அந்த வாசலிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் உள்ளே பேராதனைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நாட்டின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கும் இடம். இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொழும்பிலிருந்து இங்கே கொண்டுவந்த ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் தங்கியிருந்து கற்கும் வளாகமாகவே இதைக் கனவு கண்டார். 1952 முதல் அருணாசலம், இராமநாதன், ஜயதிலக, ஹில்டா ஒபேசேகர என்று மண்டபங்கள் மகாவலியின் இரு கரையிலும் பரந்து நிற்கின்றன. தங்கிப் படிக்கும் அந்த ஏற்பாட்டினால்தான் அனர்த்த காலத்தில் இன்னொரு கேள்வி எழுகிறது. வளாகத்துக்கு வந்த வெள்ளத்தைப் பல்கலைக்கழகம் கண்ணால் காண்கிறது. வளாகத்தில் இருக்கும் மாணவரின் வீட்டுக்கு வந்த மண்சரிவை அது எப்படிக் காணும்?

என் வாதம் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்கிறது. அனர்த்தத்துக்குப் பிந்திய மாணவர் உதவி என்றதும் உலர் உணவுப் பொதி, பழைய உடுப்பு, வங்கிக் கணக்கிலக்கத்தோடு வட்ஸ்அப்பில் சுற்றும் வேண்டுகோள் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை தேவைதான். ஆனால் இவற்றை ஊரில் யாரும் செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடிய உதவி வேறு. வரவுப் பதிவு, பரீட்சை விதி, விடுதி அறை, கொடுப்பனவுத் தவணை ஆகிய நான்கும் அதன் கையில் மட்டும்தான் இருக்கின்றன. பாதிக்கப்பட்ட பிள்ளை பட்டத்தோடு வெளியேறுவதா, இரண்டாம் வருடத்தோடு சத்தமில்லாமல் மறைந்துபோவதா என்பதை இவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

எல்லோருக்கும் ஒன்றாக நேரும் இடையூறைச் சமாளிப்பது நிறுவனங்களுக்கு அவ்வளவு கடினமில்லை. தித்வா வந்தபோது க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நவம்பர் 10இல் தொடங்கிய பரீட்சையை நடுவில் நிறுத்தி, எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரியில் நடத்தினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே அறிவித்தல், ஒரே புதிய நேரசூசி. பல்கலைக்கழகங்களும் அப்படித்தான் விரிவுரைகளை நிறுத்தின, பரீட்சைகளைத் தள்ளின. பேராதனை வளாகத்தின் தாழ்ந்த பகுதிகளில் மகாவலி புகுந்திருந்ததால் அங்கே கற்பித்தல் நிற்பதற்குக் காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் மீண்டும் திறந்த பிறகு வருகிறது. மணி அடித்தவுடன் எல்லோருக்கும் ஒரே நாளில் வகுப்பு தொடங்குகிறது. ஆனால் எல்லோருடைய அனர்த்தமும் ஒரே நாளில் முடிவதில்லை. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தந்தையைத் தேடிக்கொண்டிருக்கும் மகனுக்கும், கொழும்பில் மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் இருந்த மகனுக்கும் திங்கட்கிழமை காலை எட்டு மணி விரிவுரை ஒன்றுதான். பெரும்பாலான பீடங்களில் பரீட்சைக்குத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். பரீட்சையைத் தவறவிட்டால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து அடுத்த முறை முதல் தோற்றமாக எழுதலாம். அது இல்லாதவர் ரிப்பீட். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெறக்கூடிய தரத்துக்கு ஒரு வரம்பு உண்டு, வகுப்புச் சித்தி கைநழுவும். இந்த விதிகள் கெட்ட நோக்கத்தோடு எழுதப்பட்டவை அல்ல. சாக்குச் சொல்லி வராமலிருப்பவரைக் கட்டுப்படுத்த எழுதப்பட்டவை. ஆனால் காய்ச்சலுக்கு வைத்தியர் கடிதம் தருவார். மண்ணுக்குள் போன வீட்டுக்கு யார் கடிதம் தருவார்?

கிராம உத்தியோகத்தர் தருவார் என்று சொல்லலாம். அங்கேதான் முடிச்சு இருக்கிறது. கிராம உத்தியோகத்தரின் பட்டியல் குடும்பத்தை அலகாகக் கொண்டது. எத்தனை பேர் இடைத்தங்கல் முகாமில் இருக்கிறார்கள், எத்தனை வீடு முற்றாகச் சேதம், எத்தனை பகுதிச் சேதம் என்பதை அவர் எண்ணுகிறார். விடுதியில் இருக்கும் மகள் அந்த முகாமில் படுத்திருப்பதில்லை, எண்ணிக்கையில் வருவதுமில்லை. பல்கலைக்கழகத்தின் பட்டியலிலோ அவள் ஒரு பதிவு எண், ஒரு பீடம், ஒரு விடுதி அறை. அந்த அறைக்குள் தண்ணீர் வரவில்லை. ஆகவே அவள் அங்கும் பாதிக்கப்பட்டவள் அல்ல. வீட்டுப் பட்டியலில் அவள் மாணவி, மாணவர் பட்டியலில் அவள் நலம். இரண்டு பதிவேடுகளுக்கும் இடையே ஒரு பிள்ளை விழுந்துவிடுகிறது.

மண்சரிவு இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்குகிறது. வெள்ளம் வடிந்தால் சேதம் தெரியும்: சுவரில் சேற்றுக்கோடு, நனைந்த மெத்தை, பழுதான குளிரூட்டி. மலையில் அப்படியல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து சரிவின் மேல் விளிம்பில் வெடிப்பு ஓடியிருப்பதைப் பார்த்து, கீழே உள்ள வீடுகள் பாதுகாப்பற்றவை என்று அறிவிக்கிறார்கள். வீடு நிற்கிறது. கூரை இருக்கிறது, கதவில் பூட்டு இருக்கிறது, உள்ளே பாத்திரங்கள் அடுக்கியபடி இருக்கின்றன. போய் இருக்க முடியாது, அவ்வளவுதான். புகைப்படம் எடுத்துக் காட்டினால் யாரும் நம்பமாட்டார்கள். இப்படியான வீட்டிலிருந்து வந்த மாணவர் பீடாதிபதி அலுவலகத்தில் எதைக் காட்டி நிற்பார்? தித்வாவுக்குப் பிறகு மலைநாட்டில் முகாம்களுக்கும் உறவினர் வீடுகளுக்கும் போன குடும்பங்களில் கணிசமானவை இந்த வகையைச் சேர்ந்தவை. இடிந்த வீட்டுக்குச் சான்றிதழ் கேட்கும் எந்த உதவித் திட்டமும் இவர்களின் பிள்ளைகளைத் தவறவிடும்.

வேறு நாடுகளில் இது எப்படி நடந்தது என்பதைப் பார்க்கும்போது, பெரிய பணக்கார நாடென்றால் எல்லாம் ஒழுங்காயிருக்கும் என்ற எண்ணம் முதலில் உடைகிறது. 2005 ஆகஸ்ட் 29இல் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது கல்வியாண்டு அப்போதுதான் தொடங்கியிருந்தது. வசதியான துலேன் பல்கலைக்கழகம் அந்தப் பருவம் முழுவதும் மூடிக்கிடந்தது; அதன் மாணவர்களை நாடெங்கிலுமுள்ள கல்லூரிகள் விருந்தினராக ஏற்றுக்கொண்டன, 2006 ஜனவரியில் பெரும்பாலானோர் திரும்பினார்கள். அது நல்ல கதை, அடிக்கடி சொல்லப்படும் கதை. அதே நகரில் சமூகக் கல்லூரிகளில் படித்துக்கொண்டிருந்த ஏழைத் தாய்மாரின் கதை அவ்வளவு சொல்லப்படுவதில்லை. ஆனால் ஆய்வு நோக்கில் நமக்கு மிகவும் பயன்படுவது இரண்டாவது கதைதான்.

அந்தத் தாய்மாரைப் பற்றிய விவரம் கிடைத்தது தற்செயலால். புயலுக்கு முன், 2003 - 2004இல், வருமானம் குறைந்த பெற்றோராகிய 1,019 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. குறைந்தது அரைநேர மாணவராகத் தொடர்ந்து, சராசரித் தரத்தைக் காத்துக்கொண்டால் பருவத்துக்கு 1,000 டொலர் என்ற உதவித்தொகை அவர்களைக் கல்லூரியில் நிலைக்க வைக்குமா என்பதே கேள்வி. வைத்தது, உதவி பெற்றவர்கள் அதிக பாடங்களை முடித்தார்கள், அதிகமானோர் தொடர்ந்தார்கள். பிறகு புயல் வந்தது. ஜீன் ரோட்ஸ், கிறிஸ்டினா பக்சன், மேரி வோட்டர்ஸ் முதலிய ஆய்வாளர்கள் அதே பெண்களைத் தேடிப்பிடித்துத் தொடர்ந்து கேட்டார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, ஆராயப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடுவின் அறிகுறிகள் இருந்தன; கடுமையான மனநோய்க்கான சாத்தியம் புயலுக்கு முன்பிருந்ததைவிட இருமடங்காகியிருந்தது. ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் மூன்றிலொருவருக்கு அந்த அறிகுறிகள் நீடித்தன.

இந்த எண்களை அப்படியே கண்டிக்குப் பொருத்த முடியாது. வேறு சமூகம், வேறு வயது, வேறு வகை அனர்த்தம். ஆனால் இரண்டு விஷயங்கள் நமக்கு நேரடியாகப் பொருந்தும். ஒன்று, காலம். அனர்த்தத்தின் விளைவு ஒரு பருவத்துக்குள் தீர்வதில்லை. பட்டப்படிப்பின் நீளத்தையே அது எடுத்துக்கொள்ளலாம். அடுத்தது இன்னும் முக்கியம். அந்தப் பெண்களைப் பற்றி நமக்குத் தெரிவதற்கே காரணம், புயலுக்கு முன்பே யாரோ அவர்களின் பெயரையும் குடும்ப நிலையையும் எழுதி வைத்திருந்தது. முன்பே அறிந்திராத மாணவரை அனர்த்தத்துக்குப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

உதவித்தொகை பற்றிய பாடத்தையும் விட்டுவிடக்கூடாது. இலங்கையில் மகாபொல புலமைப்பரிசில் 1980களின் தொடக்கத்திலிருந்து ஏழை மாணவருக்குக் கைகொடுத்து வருகிறது. நீண்ட காலம் மாதம் 5,000 ரூபாயாக நின்றிருந்த தொகை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது; அது கிடைக்காதவர்களுக்கான நிதியுதவியும் 4,000இலிருந்து 6,500 ஆக உயர்ந்தது. ஆனால் வருடத்துக்குப் பத்துத் தவணைதான். கல்வியாண்டு இழுபட்டால் தவணையும் இழுபடும். வளாகம் மூடியிருக்கும் வாரங்களில்தான் வீட்டில் வருமானம் நின்றிருக்கும். பாதை உடைந்ததால் கொழுந்து எடுப்பதில்லை, கடை திறப்பதில்லை, கூலி வேலை இல்லை. பிள்ளையின் கைக்கு வரும் சிறுதொகையில் ஒரு பங்கு வீட்டுக்குப் போகும் குடும்பங்கள் மலையகத்தில் குறைவில்லை. அந்த நேரத்தில் பணம் நிற்பது இரண்டு இடத்தில் வலிக்கும். பாதிக்கப்பட்ட மாணவருக்கு அடுத்த மூன்று தவணையை முற்கொடுப்பனவாகக் கொடுப்பதற்குப் புதிய நிதியம் தேவையில்லை. கொடுக்கப்படவேண்டிய பணத்தையே முன்னால் கொடுப்பது அது. திறைசேரியிடம் கேட்க வேண்டியது ஒரு திகதி மாற்றம்.

ஜப்பானில் இந்த இரு பதிவேடுச் சிக்கலுக்கு ஓர் எளிய விடை உண்டு. நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் நகராட்சி வீட்டைப் பார்த்து, எவ்வளவு சேதம் என்று ஒரு சான்றிதழ் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழ் ஊரில் உள்ள குடும்பத்துக்கு உரியது. ஆனால் வேறெந்த ஊரில் படிக்கும் பிள்ளைக்கும் செல்லும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு, மியாகியில் வீட்டை இழந்த குடும்பத்தின் பிள்ளை டோக்கியோவில் படித்தாலும் கட்டண விலக்கு கேட்க அந்தத் தாள் வழிசெய்தது. அரசின் மாணவர் உதவி அமைப்பு இன்று இன்னும் தெளிவாகச் சொல்கிறது: மாணவர் வசிக்கும் வீடோ, அவரைத் தாங்குபவர் வசிக்கும் வீடோ பாதிச் சேதம் அல்லது அதற்கு மேல் என்று மதிப்பிடப்பட்டால் 100,000 யென், திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. தாங்குபவரின் வீடு என்ற அந்த ஒரு சொற்றொடர்தான் விடுதிப் பிள்ளையை மீண்டும் அவரது குடும்பத்தோடு சேர்த்து எழுதுகிறது. நமது பிரதேச செயலகங்கள் கொடுக்கும் அனர்த்த உறுதிக்கடிதத்தில் குடும்பத்தில் உயர்கல்வி கற்பவரின் பெயருக்கும் ஒரு வரி இருந்தால் அதே வேலை இங்கும் நடக்கும். செங்குத்தான சரிவில் நிற்கும், ஆனால் போகமுடியாத வீட்டையும் அந்தக் கடிதம் அனர்த்தமாக ஏற்கவேண்டும் என்பது நமக்கு முக்கியமான கூடுதல் தேவை.

கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு வேறொரு பிரச்சினை முன்னுக்கு வந்தது. நனைந்துபோன, அடித்துச்செல்லப்பட்ட சான்றிதழ்கள். மாநில அரசு அதாலத்து எனப்படும் குறைதீர் அமர்வுகளை முகாம்போல நடத்தி, பள்ளிச் சான்றிதழ் முதல் குடும்ப அட்டைவரை ஒரே இடத்தில் மறுபிரதி எடுத்துக்கொடுத்தது. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் தோட்டப் பாடிகளை மண்சரிவு அள்ளிச்சென்றபோதும் மேப்பாடியில் அதேபோல் செய்தார்கள். அங்கு இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன, தமிழர்களும் இருந்தார்கள். நம் மலையகத்து லயங்களின் நிலைமைக்கு இதைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு இல்லை. பல்கலைக்கழக அனுமதி, மகாபொல விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாமே பிறப்புச் சான்றிதழிலும் தேசிய அடையாள அட்டையிலும் தொங்குகின்றன. அந்தத் தாள்கள் போன பிள்ளையை நான்கு கந்தோர்களுக்கு அலையவைப்பதற்குப் பதிலாக, பதிவாளர் அலுவலகம் தன்னிடமுள்ள அனுமதிக் கோப்பின் பிரதியை உறுதிப்படுத்திக் கொடுக்கலாம். அனுமதியின்போது எல்லாத் தாள்களையும் வாங்கி வைத்திருப்பது பல்கலைக்கழகமே.

நியூசிலாந்தின் கன்டபரிப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுதுபவர்கள் மாணவர் தொண்டுப் படையைக் கட்டாயம் சொல்வார்கள். 2010 செப்டம்பர் நிலநடுக்கத்துக்குப் பிறகு சாம் ஜோன்சன் என்ற மாணவர் தொடங்கியது. 2011 பெப்ரவரி 22இல், கல்வியாண்டு தொடங்கிய மறுநாளே, அதைவிடக் கொடிய நிலநடுக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் மண்வெட்டியோடு தெருவில் இறங்கிச் சேற்றை அள்ளினார்கள். பல்கலைக்கழகம் வாகனத் தரிப்பிடத்தில் கூடாரம் போட்டு வகுப்பு நடத்தியது. தொண்டு வேலையைப் பற்றிச் சிந்தித்து எழுதும் ஒரு பாடத்தை உருவாக்கி, பட்டத்துக்குக் கணக்கில் சேர்க்கவும் வழிசெய்தது. தித்வாவுக்குப் பிறகு இலங்கைப் பல்கலைக்கழகங்களின் மாணவர்களும் கிராமங்களுக்குப் போய்க் கிணறு இறைத்தார்கள், சேறு வாரினார்கள், பொதி சுமந்தார்கள். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஓர் ஆபத்தையும் பார்க்கவேண்டும். தொண்டு செய்யும் மாணவர்களின் படம் பத்திரிகையில் வரும்போது, மாணவர் என்றால் உதவுபவர் என்ற எண்ணம் பதிந்துவிடுகிறது. உதவி தேவைப்படும் மாணவர் அதே வரிசையில், அதே மண்வெட்டியோடு, எதுவும் சொல்லாமல் நிற்கக்கூடும்.

சொல்லாமல் நிற்பதற்குக் காரணங்கள் உண்டு. மலையகத் தமிழ்ப் பிள்ளைகளை நினைத்துப் பார்ப்போம். பலரது குடும்பத்தில் பல்கலைக்கழகம் பார்த்த முதல் ஆள் அவர்தான். கலைப்பீடத்தில் தமிழில் படிக்கக்கூடிய இடங்களைத் தேடி அவர்கள் பேராதனைக்கு மட்டுமல்ல, யாழ்ப்பாணத்துக்கும் வந்தாறுமூலைக்கும் போகிறார்கள். கண்டியில் மலை சரிந்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விடுதியில் ஒரு பிள்ளைக்கு வீடு போகிறது. அந்தப் பல்கலைக்கழகத்தை யாரும் கண்டி அனர்த்தத்தால் பாதிக்கப்பட்டதாக நினைப்பதில்லை. தித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற குறை பரவலாக எழுந்தது. அதே குறை வளாகத்துக்குள்ளும் உண்டு. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வருகிறது. மாணவர் ஆலோசகராக இருக்கும் விரிவுரையாளரிடம் அம்மா காணாமல்போனதை இரண்டாம் மொழியில் சொல்லவேண்டியிருக்கிறது. துயரத்தை இரவல் மொழியில் சொல்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லிப் பார்த்தவர்களே அறிவார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போரையும் ஆழிப்பேரலையையும் ஆராய்ந்து ஒரு கருத்தை நெடுங்காலம் வலியுறுத்தி வந்திருக்கிறார். நம் சமூகத்தில் அதிர்ச்சி தனிமனித மனத்துக்குள் மட்டும் தங்குவதில்லை. குடும்பமும் ஊரும் சேர்ந்தே காயப்படுகின்றன, சேர்ந்தே ஆறவேண்டும். 2009இல் வன்னியைச் சேர்ந்த மாணவர்கள் பலர் யாழ்ப்பாண வளாகத்திலிருந்தபடி பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்த காலத்தை அந்தப் பல்கலைக்கழகம் அறியும். அங்கே தேவைப்பட்ட முதல் உதவி, செய்தியறிவதும் போய்ச் சேருவதும். ஆலோசகர் அறையின் நாற்காலி பிறகுதான் வந்தது. அந்த அனுபவம் நமது உயர்கல்வியின் நினைவில் இருக்கவேண்டியது. ஆனால் அது ஒரு பல்கலைக்கழகத்தின் சொந்தத் துயரமாகவே விடப்பட்டது, பதினேழு பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான நடைமுறையாக எழுதப்படவில்லை.

சேர்ந்தே ஆறுவது என்பதை வளாகத்தின் மொழியில் எப்படிச் சொல்வது? முதல் வாரத்தில் அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். வரவு கெடும் என்ற பயமில்லாமல் போகவேண்டும். பஸ் பாதை உடைந்திருந்தால் சுற்றுப்பாதையில் போகக் காசு வேண்டும். அப்புறம் திரும்பி வரவேண்டும். திரும்பி வருவதுதான் கடினமான பகுதி. முகாமில் தாய் தனியாக இருக்கிறாள், தம்பி பள்ளிக்கூடம் போகவில்லை, கொழும்பில் ஒரு கடையில் வேலை இருக்கிறதென்று மாமா சொல்கிறார். மூத்த பிள்ளை படிப்பை நிறுத்துவது இப்படித்தான் நடக்கிறது. யாரும் முடிவெடுப்பதில்லை, ஒவ்வொரு வாரமும் இன்னொரு வாரம் தள்ளிப்போகிறது. விடுதி அறை வெறுமையாகக் கிடந்தால் வேறொருவருக்குப் போய்விடும். அப்படியான வாரங்களில் ஒரு விரிவுரையாளரிடமிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்குள்ள சக்தியை நான் குறைத்து மதிக்கமாட்டேன். உன் இடம் அப்படியே இருக்கிறது, தவறிய அசைன்மென்ட்டைப் பெப்ரவரியில் கொடு, வரும்போது என்னைப் பார் என்று தமிழில் சொல்லும் அழைப்பு. அதைச் செய்யும் ஆசிரியர்கள் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருப்பதுதான் குறை. பேரவை எழுதிவைத்த விதி இருந்தால் நல்ல மனம் இல்லாத இடத்திலும் பிள்ளை தப்பும்.

அந்த விதியில் இருக்கவேண்டிய மையக் கூறு, நிரூபிக்கும் சுமையை மாணவரிடமிருந்து எடுப்பது. அனர்த்தம் அறிவிக்கப்பட்ட பிரதேச செயலகப் பிரிவில் வீட்டு முகவரி உள்ள எவருக்கும், கேட்காமலே, வரவுக் கணக்கிலிருந்து குறிப்பிட்ட வாரங்கள் கழியவேண்டும். அந்தப் பருவத்தில் எழுதாத பரீட்சை முதல் தோற்றமாகவே நிற்கவேண்டும். சிலர் தேவையில்லாமல் சலுகை பெறுவார்கள் என்பது உண்மை. இழந்தவரை வரிசையில் நிறுத்தி இழப்பை மெய்ப்பிக்கச் சொல்வதைவிட அது சிறிய விலை.

இந்த உதவி எவ்வளவு காலம் தேவை என்ற கேள்விக்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் போயின. தப்பியவர்கள் மாக்கல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் தங்கவைக்கப்பட்டார்கள். புதிய வீடுகளின் சாவி கையில் கிடைத்தது 2016 ஒக்டோபரில். இரண்டு வருடம். 2016 மே 17இல் அரநாயக்க சாமசரவில் மலை இறங்கியது. கடுகண்ணாவைக் கணவாயிலிருந்து பார்த்தால் அதுவும் அதே மேற்குச் சரிவுதான். அங்கும் மீள்குடியேற்றம் மாதங்களில் முடியவில்லை. தித்வாவுக்குப் பின் அரசு முற்றாக இடிந்த வீட்டுக்கு 50 இலட்சம் ரூபாய் வரை அறிவித்தது பெரிய தொகை. ஆனால் வீடு கட்ட முதலில் காணி வேண்டும், தோட்டத்து லயத்தில் இருந்த குடும்பத்துக்குத் தன் பெயரில் காணி இல்லை. 2025இல் முதலாம் வருடத்தில் இருந்த பிள்ளை, பட்டம் வாங்கும்வரை முகாமையோ வாடகை அறையையோ வீட்டு முகவரியாகக் கொண்டிருக்கக்கூடும். ஆகவே விடுதி வசதி முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும்தான் என்ற வழக்கமான பங்கீடு இவர்களுக்குப் பொருந்தாது. திரும்பிப் போக வீடில்லாதவருக்கு விடுமுறையிலும் அறை திறந்திருக்கவேண்டும். நத்தார், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி விடுமுறைக்கு விடுதி பூட்டப்படும் நாட்களே அவர்களுக்கு மிகக் கடினமான நாட்கள்.

இவற்றையெல்லாம் செய்ய, யாருக்கு என்று தெரியவேண்டும். அதற்கான அடிப்படை ஏற்கெனவே இருக்கிறது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடளாவிய திறமை, 55 சதவீதம் மாவட்டப் பங்கு, 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஒரு பிள்ளை எந்த மாவட்டத்தவர் என்பதை நான்கு தசமத்தானம் வரையிலான இசட் புள்ளியோடு சேர்த்துக் கணக்கிட்டே உள்ளே எடுக்கிறார்கள். பாடசாலை, வதிவிடம், வாக்காளர் இடாப்பு எல்லாம் சரிபார்க்கப்படுகின்றன. உள்ளே வந்த பிறகு அந்த முகவரி கோப்புக்குள் தூங்கிவிடுகிறது. மாவட்டம் என்ற அளவும் மலைக்குப் போதாது. பஹல கடுகண்ணாவை கேகாலை மாவட்டத்தில், மேலே ஏறினால் கடுகண்ணாவை நகரம் கண்டி மாவட்டத்தின் யட்டிநுவரைப் பிரதேசத்தில். ஒரே சரிவு, இரு மாவட்டம், அனுமதிக்கு இரு வெட்டுப்புள்ளி.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மாவட்டத்துக்கு விடுவதில்லை. பிரதேச செயலகப் பிரிவுவாரியாக விடுகிறது: மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் தயார்நிலை, சிவப்பு என்றால் வெளியேற்றம். மாணவர் பதிவில் பிரதேச செயலகப் பிரிவு என்ற ஒரு கூறு சேர்ந்தால் போதும். யட்டிநுவரைக்கோ பசறைக்கோ சிவப்பு வந்த இரவில், எந்த விடுதியில் எந்த அறையில் அந்தப் பிரிவுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரியும். அறைக் கதவைத் தட்டி வீட்டோடு பேசினாயா என்று கேட்கலாம், தொலைபேசியில் காசில்லாதவருக்கு ரீலோட் போட்டுக் கொடுக்கலாம், காலையில் பஸ் எந்தப் பாதையால் ஓடுகிறது என்று விசாரித்துச் சொல்லலாம். பேராதனையின் புவியியலும் மண்ணியலும் கற்பிக்கும் துறைகள் அந்த எச்சரிக்கையின் பொருளை விளக்க அடுத்த கட்டடத்திலேயே இருக்கின்றன.

தன் வீட்டு நிலைமை மற்றவருக்குத் தெரியவேண்டாமென்று நினைக்கும் மாணவருக்கு அந்தக் கூறை வெறுமையாக விடும் உரிமையும் இருக்கவேண்டும். அந்தப் பட்டியல் விடுதி அறிவித்தல் பலகையில் ஒட்டப்படக்கூடாது. விடுதிப் பொறுப்பாளர், ஒரு மாணவர் ஆலோசகர், பதிவாளர் பிரிவில் ஒருவர் என்று மூவரின் கையோடு நிற்கவேண்டும். புதிய பிரிவு மாணவர்கள் பதிவுக்கு வரும் நாளிலேயே, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில், வீடு எந்தப் பிரதேச செயலகப் பிரிவில் என்ற கேள்வியைத் தமிழிலும் சிங்களத்திலும் கேட்டுவிடலாம்.